ஏழு தடங்களும் ஒரே குழியில்

1986 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 12 ஆம் நாள் பின்னிரவு 1.11 மணிக்கு, அமெரிக்க நாட்டின் வடகிழக்குப் பகுதியாகிய நியூ இங்கிலாந்து, ஆர்ப்பாநெட்டு என்னும் கணிப்பொறி வலையினின்று அற்றுப் போயிற்று. இற்றை இணையத்திற்குத் தாயாய் அமைந்தது அவ் வலையே. அப் பகுதியை நாட்டின் பிற பகுதிகளோடு பிணைக்க ஒன்றன்று, இரண்டன்று, ஏழு தடங்கள் இருந்தன. ஒன்று அறுந்தால் மற்றொன்று. அதுவும் அறுந்தால் வேறொன்று. ஆறு அறுந்தாலும் ஏழாவது தாங்கும் என்பது அமைத்தோர் கணக்கு. வலையின் வரைவுத் தாளில் அவை ஏழு கோடுகளாகவே விளங்கின.

அன்றிரவு நியூ செர்சி மாநிலத்து நெவார்க்கிற்கும் நியூயார்க்கு மாநிலத்து ஒயிட் பிளெயின்சிற்கும் இடையே ஓர் ஒளியிழை வடம் அறுந்தது. அறுந்தது ஒன்று, மாண்டவை ஏழு. நண்பகல் கடந்து 12.11 மணி வரை, முழுப் பதினொரு மணி நேரம், அப் பகுதியின் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களும் அவ் வலையின்றி இருந்தன. தாளில் ஏழாய் ஓடிய கோடுகள், நிலத்தடியில் ஒரே வடத்தினுள் ஒன்றாய்ப் படுத்திருந்தன.

இதில் யாரும் பொய் கூறவில்லை என்பதே வியப்பு. ஏழு தடங்கள் வாடகைக்குக் கேட்கப்பட்டன; ஏழும் கொடுக்கப்பட்டன. ஒவ்வொன்றும் தனித்தனியே இயங்கியது. ஒவ்வொன்றிற்கும் தனி எண் இருந்தது. ஒன்றில் பழுது நேரின் செய்தியை மற்றொன்றின் வழியே திருப்பும் நுட்பமும் வலைக் கணிப்பொறிகளில் செவ்வனே அமைந்திருந்தது. அந் நுட்பத்தில் குறையில்லை. திருப்புதற்குத்தான் வழியில்லை. எந்தத் தடம் எந்த வடத்தில் ஏறி எந்த ஊர் வழியே செல்கின்றது என்னும் ஒரு கேள்விக்கு விடை, கேட்க வேண்டியவர் கையில் இல்லாமற் போயிற்று. ஏழு தடங்களை ஒரு வடத்தில் அடக்கவல்ல கருவி எது, அஃது எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிந்தாலன்றி இவ் விழப்பின் வேர் விளங்காது.

ஏரிப் பாசனத்தில் முறைத் தண்ணீர் என்பதை உழவர் அறிவர். கால்வாய் ஒன்றே, வயல்கள் பல. ஒரு வயலுக்கு இத்துணை நாழிகை, அடுத்த வயலுக்கு இத்துணை நாழிகை என முறை வகுத்து மடை திறப்பர். கால்வாயில் ஓடும் நீரில் இன்னாருடையது என்னும் எழுத்து இல்லை. எந்த நேரத்தில் வந்ததோ அந்த நேரத்திற்குரியவனுக்கே அந்த நீர். தொலைபேசித் துறையினர் மல்டிபிளெக்சர் என வழங்கும் கருவி செய்வதும் இதுவே. தடந்தொகுப்பி என அதனைத் தமிழில் வழங்கலாம்.

மாந்தர் பேச்சொலியை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டுப் பிட்டுகளாகக் குறித்தால், அப் பிட்டுகளைக் கொண்டே மறுமுனையில் அப் பேச்சை மீளப் பெறலாம். அலெக்கு ரீவ்சு என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1930-களின் இறுதியில் பாரிசு நகரிலிருந்து கண்ட வழி இது. அவர் கண்ட காலத்தில் அதனைச் செய்து காட்டுதற்கேற்ற மலிந்த கருவி இல்லை. டிரான்சிசுட்டர் வந்த பின்னரே, 1962 இல், அமெரிக்கப் பெல் குழுமம் அதனை டி-1 என்னும் பெயரில் நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஓரிணைக் கம்பியில் ஒரு பேச்சு சென்ற நிலை போய், இரண்டிணைக் கம்பியில் 24 பேச்சுகள் சென்றன. ஐரோப்பாவும் இந்தியாவும் ஏற்றது ஈ-1 என்னும் முறை. அதில் ஒரு சட்டகத்திற்கு 32 நேரக்கூறுகள். ஒவ்வொரு கூற்றிலும் எட்டுப் பிட்டுகள். நொடிக்கு 8,000 சட்டகங்கள். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 20,48,000 பிட்டுகள் ஆகும். 32 இல் முதற்கூறு, அதாவது சுழி எண்ணுடையது, சட்டகம் எங்கே தொடங்குகின்றது எனக் காட்டும். 16 ஆம் எண்ணுடையது அழைப்புக் குறிகைகளைச் சுமக்கும். எஞ்சிய 30 இல் 30 பேர் பேசலாம்.

ஈண்டுக் கருத வேண்டியது ஒன்று. அந்த 30 பேச்சுகளுள் எதிலும் பெயரில்லை, முகவரியில்லை, இன்னார் இன்னாரோடு பேசுகின்றார் என்னும் குறிப்பில்லை. சட்டகத்தில் ஏழாவதாக வருவது ஏழாம் தடம், அவ்வளவே. நிற்கும் இடமே பெயர். அஞ்சல் உறை முகவரி தாங்கிச் செல்கின்றது. வழி தவறினும் என்றேனும் உரியவரைச் சேரும். நேரக்கூறு அத்தகையதன்று. இந்த முனையில் ஏழாம் கூறு எதனோடு பிணைந்துள்ளது, அந்த முனையில் எதனோடு பிணைய வேண்டும் என்னும் தடப்பட்டியல் இரு முனையிலும் ஒத்திருந்தால் மட்டுமே பேச்சு உரியவர் செவியை அடையும். அப் பட்டியல் பிறழின், கருவி சிறிதும் பிறழாமல் இயங்கிக்கொண்டே பிழையைச் செய்யும்.

அவ்வாறு பிறழ்தற்கு இடம் உண்டா என்பார்க்கு, எசு.டி.எச். என்னும் ஒத்தியங்கு முறையிலிருந்து ஒரு காட்டுத் தரலாம். அம் முறையின் அடிப்படை ஓட்டம் நொடிக்கு 155.52 மெகா பிட்டு. அதனுள் ஈ-1 தடங்கள் 63 அடங்கும். அவற்றின் அடுக்கு முறை இது: மூன்று தெருக்கள், தெருவுக்கு ஏழு வீடுகள், வீட்டுக்கு மூன்று அறைகள். மூவேழ் இருபத்தொன்று, அதன் மும்மடங்கு 63. இந்த 63 அறைகளுக்கும் ஒன்று முதல் 63 வரை எண் இடுவது எப்படி? ஒருசாரார், முதல் தெருவின் முதல் வீட்டு மூன்று அறைகளையும் 1, 2, 3 என எண்ணி, அடுத்த வீட்டுக்குச் சென்று, தெரு முடிந்தபின் அடுத்த தெருவுக்குச் செல்வர். மற்றொரு சாரார், சட்டகத்தில் அவை உண்மையில் அடுத்தடுத்து வரும் ஒழுங்கில் எண்ணுவர். அதாவது முதல் தெருவின் முதல் வீட்டு முதல் அறை 1, இரண்டாம் தெருவின் முதல் வீட்டு முதல் அறை 2, மூன்றாம் தெருவினது 3. இவ்வாறே வீடுதோறும் முதல் அறைகள் 21 உம் முடிந்த பின்னரே இரண்டாம் அறைகள் தொடங்கும். இரண்டும் முறையான எண்ணிக்கையே. கருவி செய்வோருள் சிலர் முன்னதையும் சிலர் பின்னதையும் கொண்டனர். இரண்டையும் கருவியிலேயே வைத்து, வேண்டியதைத் தெரிந்துகொள்க என விட்டாரும் உளர்.

இப்பொழுது இம் முனையில் ஒருவர் செய்த கருவியும் அம் முனையில் மற்றொருவர் செய்த கருவியும் நிற்கின்றன என்க. இங்கே 2 என்பது அங்கே 22; அங்கே 2 என்பது இங்கே 22. அமைப்பவர் இரு முனையிலும் 2 என்றே எழுதுவர். பட்டியல்கள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும். ஆயினும் தடங்கள் மாறிப்போம். ஆய்ந்து பார்த்தலாகாதா? பார்ப்பர். பணி முடிந்தபின் 63 ஐயும் ஆய்தற்குப் பொழுது இராது. முதலாவதைப் பார்ப்பர், இறுதியானதைப் பார்ப்பர், கருத்துடையவராயின் நடுவிலும் ஒன்றைப் பார்ப்பர். முதலாம் தடம் இரு முறையிலும் 1. இறுதித் தடம் இரு முறையிலும் 63. நட்ட நடுவே நிற்கும் 32 ஆம் தடமும் இரு முறையிலும் 32 ஆகவே அமையும்! தெருவின் எண்ணும் அறையின் எண்ணும் ஒன்றாயிருக்கும் இடங்களிலெல்லாம் இரு கணக்கும் ஒத்துப்போம், அத்தகையன 21. எஞ்சிய 42 உம் ஒவ்வா. ஆய்ந்த மூன்றும் செவ்வையாயின எனக் கையெழுத்திட்டு வீடு திரும்பியவர் பின்னே 42 தடங்கள் பிறழ்ந்து கிடக்கும். கணக்கே வஞ்சிக்கும் இடம் இதுபோல் அரிது.

இதனினும் கொடிது, எச்சரிக்கை விளக்கு ஒன்றேனும் எரியாமை. ஒவ்வொரு தடத்திலும் தூய ஓட்டம் வருகின்றது, சட்டகம் பொருந்துகின்றது, பிழைப் பிட்டு ஒன்றும் இல்லை, எல்லா விளக்கும் பச்சை. அழைப்பு மணி அடிக்கும். எடுத்தவர் செவியில் ஓசையிராது. எடுத்தவர் தம் கருவி பழுது என்பார். அழைத்தவர் அவர் பேச மறுத்தார் என்பார். இக் குறையைக் களையவே ஒத்தியங்கு முறையை வகுத்தோர், ஒவ்வொரு தடத்திலும் அதன் பெயரைச் சுமக்க ஒரு சிற்றிடம் ஒதுக்கினர். அனுப்பும் முனை தன் பெயரை அதில் எழுதும். பெறும் முனை தான் எதிர்பார்த்த பெயர்தானா என ஒப்பிட்டு, அன்றெனின் எச்சரிக்கை எழுப்பும். நல்ல ஏற்பாடு. ஆனால் பெயரை எழுதுதல் வேண்டுமே! தடம் 63 க்கும் இரு முனையிலும் பெயர் நிரப்புதல் சலிப்பூட்டும் பணி. நிரப்பாமல் விட்டால், பெயரற்றது பெயரற்றதோடு பொருந்திவிட்டது என்று கருவி நிறைவுறும்.

இனிக் காப்பு மாற்றம் என்னும் செய்திக்கு வரலாம். வடம் அறுந்தாலோ கருவி பழுதுற்றாலோ, ஓட்டத்தை மாற்றுத் தடத்திற்குத் தானே திருப்பும் ஏற்பாடு அது. எளிய வகையில், ஒரே ஓட்டம் இரு தடங்களிலும் எப்பொழுதும் அனுப்பப்படும். பெறும் முனை இரண்டில் நல்லதை எடுத்துக்கொள்ளும். மற்றொரு வகையில், பல தடங்களுக்கு ஒரு காப்புத் தடம் பொதுவாகக் காத்து நிற்கும். எது வீழ்கின்றதோ அதற்கு இடங்கொடுக்கும். இவ் வகையில் இரு முனைகளும் ஒன்றோடொன்று பேசி இசைதல் வேண்டும். அதற்கெனச் சட்டகத்தின் தலைப்பில் இரண்டு பைட்டுகள் உள. பொறியாளர் அவற்றைக் கே-1, கே-2 என்பர். "ஐந்தாவது வீழ்ந்தது, ஐந்தாவதைக் காப்புத் தடத்தில் ஏற்றுக" என ஒரு முனை கேட்கும், மறுமுனை ஏற்றும். எண் குறிக்க நான்கே பிட்டுகள். ஆகலின் 14 தடங்கள் வரையே ஒரு காப்பின்கீழ் நிற்கலாம். பழுது கண்டபின் மாற்றம் முடிய நொடியின் இருபதில் ஒரு பங்கே ஆகலாம் என்பது உலகத் தொலைத்தொடர்பு நெறி. பேசிக்கொண்டிருப்பவர் அதனை உணரார். பழுது நீங்கியபின் உடனே பழைய தடத்திற்குத் திரும்புவதுமில்லை. ஆடி ஆடி மாறுதலைத் தவிர்க்கச் சில மணித்துளிகள் பொறுத்துப் பார்த்தே திரும்பும்.

அழகிய நுட்பம் என்பதில் ஐயமில்லை. ஆயின் மேற்கண்ட உரையாடலைச் சற்றே கூர்ந்து நோக்குக. "ஐந்தாவது" என்று இம் முனை சொல்வதும் "ஐந்தாவது" என்று அம் முனை கொள்வதும் ஒன்றாதல் வேண்டும் அன்றோ? மீண்டும் பட்டியலே வந்து நிற்கின்றது. கருவியினுள்ளும் இதே நிலை. தடங்களை இடைமாற்றும் பலகை ஒன்று பணியிலும், மற்றொன்று காத்திருப்பிலும் இருக்கும். பணியிலுள்ள பலகையில் நாள்தோறும் புதுத் தடங்கள் சேர்கின்றன, பழையன நீங்குகின்றன. காத்திருக்கும் பலகை அத் திருத்தங்களை உடனுக்குடன் படியெடுத்துக்கொண்டதா? கொள்ளவில்லையெனின், அது விழித்தெழும் நாளில் சென்ற திங்களின் பட்டியலோடு எழும். கணப்பொழுதில் மாற்றம் நிகழும்; குறை ஏதுமின்றி நிகழும்; தடங்கள் சென்ற திங்கள் சென்ற இடத்திற்கே செல்லும். விரைவு ஈண்டு யாருக்கு உதவும்?

நெவார்க்கு வடத்தில் நேர்ந்தது இவ் வகைப் பிறழ்வின் பெருவடிவம். அக்கால வலைத் தடம் ஒன்றின் அளவு நொடிக்கு 56 கிலோ பிட்டு. ஏழும் சேர்ந்து 392. ஒரே ஒரு டி-1 தொகுப்பின் மூன்றில் ஒரு பங்கைக்கூட அவை நிரப்பா. ஓர் ஒளியிழையோ அத்தகைய தொகுப்புகள் பலவற்றை ஒருங்கே சுமக்கும். சிறியவற்றைத் தொகுத்துப் பெரியவற்றுள் அடைத்தலே தடந்தொகுப்பியின் தொழில். அடைக்குந்தோறும் செலவு குறையும். தனித்தனி வழியில் ஓடிய தடங்களைத் தொலைபேசிக் குழுமங்கள் அவ்வப்போது ஒழுங்குபடுத்தி, இடமுள்ள வடங்களில் ஒன்றாக்குவது நாள்முறை வழக்கம். அவ்வாறு ஒன்றாக்கும் அலுவலர் கண்ணுக்கு அவை வெறும் எண்கள். இவ் வெண்ணும் அவ் வெண்ணும் ஒன்றுக்கொன்று துணையாய் நிற்பவை, ஓரிடத்திற் சேர்க்கலாகாதவை என்னும் குறிப்பு அவர்முன் இல்லை. இணையரை ஒரே படகில் ஏற்றுகின்றோம் என்பதை அவர் அறியார். இரு படகு வாடகை கொடுத்தவரும் அறியார். துண்டித்தது வடத்தில் நேர்ந்த வெட்டாயினும், காப்பைக் கொன்றது அதற்கு நெடுநாள் முன்னரே எழுதப்பட்ட ஒரு தட ஒதுக்கீடே ஆகும்.

வடம் மட்டும் வேறாயிருந்தாற் போதுமா எனின், போதாது. 1991 ஆம் ஆண்டு செப்டம்பர் 17 ஆம் நாள் நியூயார்க்கு நகரின் தாமசுத் தெருவில் ஏ.டி. அன் டி. குழுமத்தின் தொலைபேசி மாளிகையில் நிகழ்ந்தது அதற்குச் சான்று. நகரின் மின்தேவை மிகுந்த அந் நாளில், மின்குழுமத்தோடு செய்த உடன்பாட்டின்படி அம் மாளிகை தன் மின்னாக்கிகளுக்கு மாறிற்று. மாறுகையில் மின்திருத்திகள் வீழ்ந்தன. தடக்கருவிகளை மின்கல அடுக்குகள் ஏறத்தாழ ஆறு மணி நேரம் தாங்கின. எச்சரிக்கைகளுள் சில பழுதுற்றிருந்தன. இயங்கியவற்றைக் கவனிப்பார் இல்லை. கவனிக்க வேண்டியவருட் சிலர் அன்று எச்சரிக்கை அமைப்புப் பற்றிய பயிற்சி வகுப்பிற்குச் சென்றிருந்தனர் என்பதை எழுதவும் கூசுகின்றது. மாலையில் மின்கலங்கள் வற்றின. நகரின் மூன்று பெரு வானூர்தி நிலையங்களின் போக்குவரவுக் கட்டுப்பாட்டுத் தடங்கள் அம் மாளிகை வழியே சென்றமையால், வானூர்திகள் எழவும் இறங்கவும் இயலாமல் தடுமாறின. மாலை முதல் இரவு வரை அந் நிலை நீடித்தது. மாற்று வழிக்கெனக் கொண்ட தடமும் அதே மாளிகையின் அதே மின்கலத்தில் உயிர் வாழுமாயின், அஃது எவ்வாறு மாற்று வழியாகும்? வேறு வடம், வேறு குழி, வேறு மாளிகை, வேறு மின்வழி என அனைத்தும் வேறாதல் வேண்டும்.

பேச்சு அறுதலை மாந்தர் பொறுப்பர். மின்வழிகள் பொறா. உயரழுத்த மின்தொடர் ஒன்றின் இரு முனையிலும் ரிலே எனப்படும் காப்புக் கருவிகள் நிற்கும். இங்கே புகும் மின்னோட்டமும் அங்கே வெளிப்படும் மின்னோட்டமும் ஒன்றா என அவை ஓயாது ஒப்பிடும். ஒவ்வாதெனின் இடையில் ஒழுகல் உண்டெனத் துணிந்து தொடரைத் துண்டிக்கும். ஒப்பிடுதற்குரிய அளவுகள் தடந்தொகுப்பி வழியே செல்வன. மறுமுனையின் அளவு எந்நொடியினது என அறிய, ரிலே செய்தியொன்றைப் போக்கி மீட்டு, ஆன காலத்தைப் பாதியாக்கும். போக்கும் வரவும் ஒரே தொலைவு என்னும் நம்பிக்கையின்மேல் நிற்கும் கணக்கு அது. வளையமாய் அமைந்த வடத்தில் ஒரு திசையின் இழை மட்டும் பழுதுற்றால், சில அமைப்புகளில் அத் திசை மட்டுமே காப்புத் தடத்திற்கு மாறும். போகும் வழி 40 கிலோமீட்டராகவும், மாறிய வரவு வழி வளையத்தைச் சுற்றி 240 கிலோமீட்டராகவும் கொள்க. ஒளி கண்ணாடியிழையில் ஒரு கிலோமீட்டரைக் கடக்க நொடியின் பத்து இலக்கத்தில் ஐந்து பங்கு, அதாவது ஐந்து மைக்ரோ நொடி, ஆகும். 200 கிலோமீட்டர் வேறுபாட்டிற்கு ஆயிரம் மைக்ரோ நொடி. பாதியாக்குங்கால் பிழை ஐந்நூறு. நொடிக்கு 50 சுற்றுடைய மின்னோட்டத்தில் அது ஒன்பது பாகைத் திரிபு. உண்மையில் ஒழுகல் சிறிதும் இல்லாத தொடரில், ஓடும் மின்னோட்டத்தின் நூற்றில் 15 பங்குக்கு மேல் காணாமற் போனதாக ரிலேக்குத் தோன்றும். அதன் வரம்பு அதனினும் நுண்ணிதாயின், நல்ல தொடரைத் துண்டித்து ஊரை இருளாக்கும்.

இங்கே தடக்காப்பு தன் கடமையைப் பிழையின்றிச் செய்தது; நொடியின் இருபதில் ஒரு பங்கினுள் செய்தது. ரிலேயும் தன் கடமையைச் செய்தது. இரண்டும் சேர்ந்து ஊரை இருளாக்கின. மின்துறைப் பொறியாளர் இதனை நன்கறிவர்; ஆகலின் மாறினால் இரு திசையும் ஒருங்கே மாறுக என அமைப்பர்; தடம் பிறழ்ந்து வேறு தொடரின் அளவு வந்து சேராதபடி ரிலேக்கு ரிலே அடையாள எண்ணும் கொடுப்பர். தொலைபேசித் தடங்களில் பெயரிடாமை பொறுக்கப்பட்ட அளவிற்கு மின்தடங்களில் அது பொறுக்கப்படவில்லை. பிழையின் விலை உடனே தெரிவதால் வந்த கருத்து அது.

தொலைபேசித் துறையில் நேரக்கூறு முறை இன்று பல நாடுகளில் நீங்கி வருகின்றது. பேச்சும் இணையப் பொதிகளாகவே செல்லத் தலைப்பட்டது. பொதிக்கு முகவரி உண்டு. ஆதலின் பட்டியல் பிறழும் பழைய நோய் ஒழிந்தது என்பாருளர். பாதி மெய். முகவரியுள்ள பொதியும் ஏதோ ஒரு வடத்தில்தான் செல்ல வேண்டும். அவ் வடம் ஏதோ ஒரு குழியில்தான் கிடக்க வேண்டும். இரு வேறு குழுமங்களிடம் இரு தடம் வாங்கினோம், இனி அச்சமில்லை என எண்ணும் மருத்துவமனை, அவ் விரு குழுமங்களும் மூன்றாமவரிடம் ஒரே வடத்தில் இழைகள் வாடகைக்கு எடுத்திருப்பதை அறிய வாய்ப்பில்லை. மேலடுக்கு எத்துணை அறிவுடையதாயினும் அடியடுக்கின் வரைவு அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. 1986 இல் ஆர்ப்பாநெட்டுக் கொண்டு சென்றனவும் முகவரியுள்ள பொதிகளே என்பதை மறத்தலாகாது.

செலவு மிகும் என்பது குழுமங்கள் கூறும் விடை. மெய்தான், இரண்டாம் குழி தோண்டுதல் மலிவன்று. ஆயின் இரண்டாம் குழிக்குரிய வாடகையைப் பெற்றுக்கொண்டு முதற் குழியிலேயே கிடத்துவதற்கு அவ் விடை பொருந்துமா? மேலும், பட்டியலைச் செவ்வைப்படுத்தக் குழி தோண்ட வேண்டியதில்லை. தடங்களுக்குப் பெயரிடுதல், இரு முனைப் பட்டியலையும் ஒப்பிடுதல், 63 இல் மூன்றை அன்றி 63 ஐயும் ஆய்தல், போக்குவரவு குறைந்த நள்ளிரவில் நல்ல தடத்தை வேண்டுமென்றே விலக்கிக் காப்புத் தடம் தாங்குகின்றதா எனப் பார்த்தல் ஆகியவற்றுக்கு வேண்டியது ஆளும் உழைப்புமே. இறுதியிற் சொன்னதை அஞ்சுவாரே மிகுதி. இயங்குவதை ஏன் தொட வேண்டும் என்பர். நள்ளிரவில் தொட அஞ்சிய காப்பை, புயலும் தீயும் நண்பகலில் தொடும்பொழுது நம்புவது எங்ஙனம்?

அமெரிக்க அரசு இதனைக் குழுமங்களின் விருப்பத்திற்கு விடலாகாதெனத் துணிய 2012 ஆம் ஆண்டின் புயல் வேண்டியிருந்தது. அவ் வாண்டு சூன் 29 ஆம் நாள் அந் நாட்டின் நடுமேற்கிலிருந்து கீழைக் கரை வரை ஒரு பெருங்காற்று வீசிற்று. தீ, நோய், கொள்ளை என எவ் விடர்க்கும் அழைக்கும் 911 என்னும் எண்ணுக்கு விடையிறுக்கும் நடுவங்களுள் 77, ஆறு மாநிலங்களில், முழுமையாகவோ ஓரளவோ தொடர்பிழந்தன. அவற்றை நம்பி வாழ்ந்தோர் 36 இலக்கத்திற்கு மேற்பட்டோர். வடவர்சீனியாவில் நிலைமை மிகக் கொடிதாயிற்று. காற்றுக்கு மரம் வீழ்தலும் மின் அறுதலும் இயல்பு. உதவி கேட்கும் எண்ணே ஊமையாதல் இயல்பன்று. ஆய்ந்து பார்த்த கூட்டரசுத் தொலைத்தொடர்பு ஆணையம், இவ் வீழ்ச்சியுட் பெரும்பங்கு தவிர்த்திருக்கத் தக்கதே எனக் கண்டது; தொலைபேசி மாளிகைகளின் மின்னாக்கிகள் சில இயங்கவில்லை; அதனோடு தடங்களின் அமைப்பும் குறையுடையதாய் இருந்தது.

2013 ஆம் ஆண்டு திசம்பரில் அவ் வாணையம் ஒழுங்குமுறை வகுத்தது. 911 தடங்களைத் தரும் குழுமம், அத் தடங்கள் மெய்யாகவே வெவ்வேறு வழியிற் செல்கின்றனவா என ஆண்டுதோறும் ஆய வேண்டும். அத் தடங்களுக்குத் தனிக் குறியிட வேண்டும். பின்னொரு நாள் வேறொருவர் அறியாமல் அவற்றை ஒரே வடத்திற்கு மாற்றிவிடாதிருக்கவே அக் குறி. இரண்டும் ஓரிடத்திற் கூடுமாயின் அதனை நீக்க வேண்டும். நீக்கவில்லையெனின் அதற்கீடாக யாது செய்தனர் எனக் கூற வேண்டும். இவற்றுக்கெல்லாம் சான்றுரைத்துக் கையெழுத்திட வேண்டியவர் கடைநிலைப் பணியாளர் அல்லர். செலவு செய்யும் உரிமையுடைய குழும மேலலுவலர். நெவார்க்கு வடம் அறுந்து 27 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அவ் வொழுங்குமுறையில் மற்றுமொரு கூறு உண்டு. புயலன்று வடவர்சீனியாவில் அழைப்புத் தடங்களோடு, அவற்றின் நலத்தைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கண்காணிப்புத் தடங்களும் வீழ்ந்தன. எது இயங்குகின்றது, எது இயங்கவில்லை எனக் காணமாட்டாமல் பொறியாளர் நெடுநேரம் இருந்தனர். காக்கும் தடத்தைப் பற்றி எண்ணியோர், பார்க்கும் தடத்தைப் பற்றி எண்ணியிருக்கவில்லை. ஆகவே கண்காணிப்பிற்குரிய தடங்களும் அவை வந்து சேரும் இடங்களும் ஒன்றுக்கு மேற்பட்டனவாய் வெவ்வேறு வழியில் அமைந்துள்ளனவா என்பதையும் ஆண்டுதோறும் ஆய்ந்து எழுதித் தருமாறு அவ் வொழுங்குமுறை கேட்டது.